ஒத்திகைக்குப் படுத்தவன்

1

வாசகரே, இந்தக் கதை செங்கல்பட்டு பஸ் ஸ்டாண்டில் ஆரம்பித்தது. எங்காவது ஆரம்பித்துத் தொலைய வேண்டும், அங்கே ஆரம்பித்தது. 2009 ஜனவரி, பொங்கல் முடிந்து மூன்றாம் நாள். திருக்கழுக்குன்றம் பஸ்ஸுக்காக நின்றிருந்தேன். டைம் கீப்பர் அறையின் ஜன்னலுக்குள்ளிருந்து ஒரு குரல் வந்தது.

"இன்னா சார், பாத்தும் பாக்காத மாரி போற?"

தாவீது அண்ணன். உண்மையில் நான் பார்த்துவிட்டுத்தான் தூணுக்குப் பின்னால் போய் நின்றிருந்தேன். அவர் எழுந்து வெளியே வந்தார். இடது முழங்காலை உயரத் தூக்கிப் பாதத்தைத் தொப்பென்று கீழே போட்டு, மறுபடி தூக்கித் தொப்பென்று போட்டு நடந்தார். செருப்புக்குள்ளிருந்து ஒரு பிளாஸ்டிக் பட்டை கெண்டைக்கால் வரை ஏறியிருந்தது.

முப்பத்தொரு வருஷம் செங்கல்பட்டு–மாமல்லபுரம் ரூட்டில் பஸ் ஓட்டியவர் அவர். 2007 அக்டோபரில் அவருக்குப் புராஸ்டேட்டில் கேன்சர் என்று ரோபோ வைத்து ஆபரேஷன் செய்தார்கள். கேன்சர் போய்விட்டது. அதோடு இடது பாதத்தை மேலே தூக்கும் சக்தியும் போய்விட்டது. கிளட்ச்சில் கால் வைக்க முடியாத டிரைவரை டிப்போ நாற்காலியில் உட்கார வைத்துவிட்டது.

"மே மாசம் ரிட்டைர்டு சார். கடேசி டிரிப்புக்கு பசங்க வண்டிக்கு மால போட்டு ஓட்ட வுடுவானுங்க. எனக்கு இன்னா, சேருக்குப் போடுவானுங்களா?" என்று சிரித்தார்.

சும்மா இருக்க முடியாமல் கேட்டேன். "ரூத் சிஸ்டர் எப்படி இருக்காங்க?"

ரூத் அவர் மகள். அவருக்கு ஆபரேஷன் நடந்த ஆஸ்பத்திரியில்தான் தியேட்டர் நர்ஸாக இருந்தாள். சிரிப்பு நின்றது.

"வேலய வுட்டுட்ச்சு. மதுராந்தகம் பக்கத்துல ஒரு ஸ்கூலு, பசங்களுக்கு ஜொரம்னா மாத்தர குடுத்துகினு கீது. ஆஸ்பத்திரி பக்கமே போவ மாட்டேன்னுது. 'நான்தாம்பா உன் கால தப்பா வச்சேன்'னு சொல்லிகினே கீது சார். சோறு துன்ற நேரத்துல கூட அதான். நான் இன்னா பண்ணட்டும்?"

ரூத் தப்பாக வைக்கவில்லை. அது எனக்குத் தெரியும். எப்படித் தெரியும் என்று சொல்வதற்குத்தான் இந்தக் கதை. சொல்லாமல் தப்பிப்பதற்காகத்தான் மூன்று மாதமாக எழுதிக்கொண்டிருக்கிறேன்.

2

முதல் வரைவு இப்படி ஆரம்பித்தது: "மருத்துவ உலகில் ரோபோக்களின் வருகை ஒரு புதிய…" திறப்புவிழா மலருக்குக் கேட்டு வாங்கிய கட்டுரை மாதிரி இருந்தது. கிழித்தேன்.

இரண்டாவது: "கோவளத்துக்கும் மாமல்லபுரத்துக்கும் நடுவே, கடல் தெரியும் ஓர் அறையில், நான்கு கைகளை மடக்கிக்கொண்டு ஓர் இயந்திரம் காத்திருந்தது." படிக்க நன்றாகத்தான் இருந்தது. ஆனால் ஆபரேஷன் தியேட்டருக்கு ஏது ஜன்னல்? கடலாவது தெரிவதாவது. இயந்திரம் காத்திருக்கவும் இல்லை, காத்திருந்தது நாங்கள்தான். கிழித்தேன்.

மூன்றாவது: "தன் அப்பாவின் கால்களைத் தன் கையாலேயே…" இதை முடிக்க வரவில்லை. அப்படியே கிடக்கட்டும்.

அந்த ஆஸ்பத்திரியில் ரோபோ ஆபரேஷன் செய்கிற டாக்டர் அருணகிரி ஒரு விதி வைத்திருந்தார். ஆபரேஷனுக்கு முன்னால் நடக்கும் ஒத்திகையின்போது இயந்திரத்தின் எந்தக் கையாவது, எதன் மீதாவது, துளி இடித்தாலும் அவ்வளவுதான். எல்லாக் கைகளையும் கழற்றி, இயந்திர வண்டியைப் பின்னால் தள்ளி, துணியை மடித்து, கடிகாரத்தைப் பூஜ்யத்தில் வைத்து மறுபடி தொடங்க வேண்டும். "இடிச்சா முதல்லேர்ந்து" என்பார். குரல் உயர்த்தமாட்டார், கோபப்படமாட்டார், அதனால்தான் அது இன்னும் களைப்பாக இருக்கும்.

இந்தக் கதைக்கும் அந்த விதியையே வைத்துக்கொள்கிறேன். எங்கே நான் பொய் சொல்கிறேன் என்று எனக்கே தெரிகிறதோ, அங்கே நிறுத்தி முதலிலிருந்து.

3

என் பெயர் வரதன். வீடு திருக்கழுக்குன்றத்தில். சிறுசேரியில் ஒரு சாஃப்ட்வேர் கம்பெனியில் கையேடு எழுதும் வேலை. 'இந்தப் பொத்தானை அழுத்தவும், பிறகு அந்தப் பொத்தானை அழுத்தவும்' என்று எழுதுகிறவன். மற்றபடி சிற்றிதழ்களில் ஏழு கதைகள் வந்திருக்கின்றன. ஏழையும் என் மனைவி மேக்னா படித்திருக்கிறாள், நான் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்ததால்.

ரோபோ ஆபரேஷன் என்றதும் இயந்திரமே கத்தி எடுத்து அறுக்கும் என்று நினைத்துக்கொள்ளாதீர்கள். டாக்டர் அறையின் ஓரத்தில் ஒரு பெட்டிக்குள் முகத்தை வைத்து உட்கார்ந்திருப்பார். அவர் விரல் அசைந்தால் நோயாளியின் வயிற்றுக்குள் கருவியின் நுனி அசையும். வயிற்றைக் கிழிக்க வேண்டியதில்லை, சுண்டுவிரல் அகலத்தில் ஐந்தாறு ஓட்டை போதும். ஆனால் எந்த ஓட்டை எங்கே, இயந்திர வண்டி எவ்வளவு கிட்டத்தில் நிற்க வேண்டும், நாலு கைகளும் முட்டிக்கொள்ளாமல் எந்தக் கோணத்தில் இறங்க வேண்டும் என்பதெல்லாம் கத்தி எடுப்பதற்கு முன்பே முடிவாகியிருக்க வேண்டும். எங்கள் சாஃப்ட்வேர் ஸ்கேன் படத்தைப் பார்த்து அதைச் சொல்லும். அது சொல்வதை ஒத்திகை பார்த்து, சரியாக வந்த முறையைக் கையேடாக எழுதித் தர என்னை அனுப்பினார்கள்.

ஒத்திகைக்குப் பொம்மை ஒன்று இருந்தது. டாக்டர் அருணகிரி அதை ஒரு நாள் பார்த்துவிட்டு வேண்டாம் என்றார்.

"பொம்மை வலிக்குதுன்னு சொல்லாது. இடிச்சா வாயத் தொறந்து சொல்ற மாதிரி ஓர் ஆள் வேணும். உயரம் நூத்தி அறுபத்தெட்டு, எடை எழுபது சொச்சம், கொஞ்சம் தொப்பை."

சொல்லிக்கொண்டே அறையைச் சுற்றிப் பார்த்தார். பார்வை என் சட்டையின் நாலாவது பொத்தானில் வந்து நின்றது.

[இந்த இடத்தில் மேக்னா பென்சிலால் எழுதியிருப்பது: "சிரிப்பு வருது. ஆனா நீ சிரிக்க வைக்கிறப்பல்லாம் பின்னாடி எதையோ ஒளிச்சு வைப்ப."]

4

ஒத்திகை என்றால் என்னவென்று சொல்லிவிடுகிறேன். மேஜையில் மல்லாந்து படுக்க வேண்டும். இரண்டு கால்களையும் அகட்டித் தூக்கி, பூட்ஸ் மாதிரியான தாங்கிகளுக்குள் வைத்துப் பட்டை போட்டுக் கட்டுவார்கள். பிறகு மேஜையைத் தலைப்பக்கமாகச் சாய்ப்பார்கள். ரத்தமெல்லாம் முகத்துக்கு இறங்கும், மூக்கு அடைத்துக்கொள்ளும். நிஜ நோயாளிக்கு வயிற்றில் வாயுவை நிரப்பி உப்ப வைத்துத்தான் ஓட்டை போடுவார்கள், எனக்கு நிரப்ப முடியாதே, அதனால் நாலு டவலைச் சுருட்டித் தொப்பைமேல் கட்டினார்கள். ஊதாப் பேனாவால் ஓட்டைக்கான இடங்களைக் குறித்தார்கள். மேலே பச்சைத் துணி. அகட்டிய கால்களுக்கு நடுவே இயந்திர வண்டி வந்து நிற்கும். நாலு கைகளும் என் மேல் கவியும்.

காலைத் தாங்கியில் வைப்பது ரூத்தின் வேலை. முதல் நாளே சொன்னாள்: "நோயாளின்னா மயக்கத்துல இருப்பாங்க சார். நீங்க முழிச்சுட்டு இருக்கீங்க, இறுக்கிக் கட்டினா மரத்துப்போவும். பட்டைய ஒரு ஓட்டை லூசாவே கட்றேன்."

நல்ல பெண். கோபமே வராத பெண் என்று எழுதலாம், ஆனால் வரும். ஒரு நாள் தியேட்டருக்குள் யாரோ செருப்போடு வந்ததற்கு அவள் போட்ட சத்தத்தில் நான் படுத்தபடியே பயந்தேன்.

முதல் ஒத்திகை ஒரு மணி பத்து நிமிஷம் இழுத்தது. மூன்றாவது கையின் முட்டி என் இடது முழங்காலின் உட்புறத்தில் வந்து அழுத்தியது. டாக்டர் ஒவ்வொரு கைக்கும் ஒரு தடவை கேட்பார்.

"இடிக்குதா வரதன்?"

"இடிக்குது டாக்டர்."

"முதல்லேர்ந்து."

ஆறு ஒத்திகைகள் இப்படி. சில நாள் மூன்று தடவை முதலிலிருந்து. கம்பெனி வண்டி ஐந்தே முக்காலுக்குக் கிளம்பிவிடும். அதை விட்டால் கிழக்குக் கடற்கரைச் சாலையில் நின்று, கிடைத்த பஸ்ஸில் மாமல்லபுரம் போய், அங்கே இன்னொன்று பிடிக்க வேண்டும். தலைகீழாகத் தொங்கிய முகத்தோடு, வயிற்றில் ஊதாப் புள்ளிகளோடு, நின்றுகொண்டே. வீட்டுக்குப் போனால் மேக்னா, "இன்னிக்கு எத்தனை ஓட்டை?" என்பாள்.

ஏழாவது ஒத்திகையில் மூன்றாவது கை இடிக்கவில்லை. அதற்குள் எல்லோருக்கும் வேலை நன்றாகப் பழகிவிட்டிருந்தது.

இடித்தது. முதலிலிருந்து.

4 (மறுபடியும்)

ஏழாவது ஒத்திகையில் மூன்றாவது கையை இடிக்க நான் விடவில்லை.

அது கிட்டே வருவதைத் துணிக்கு மேலே பார்க்க முடியாது, ஆனால் உள்ளே துணி காற்றில் அசைவது தெரியும். இப்போது இடிக்கும், இப்போது கேட்பார், இப்போது சொல்வேன், இப்போது முதலிலிருந்து. மணி ஐந்து இருபது. முழங்காலை வெளிப்பக்கமாக இரண்டு விரற்கடை நகர்த்தினேன். பட்டை லூசாக இருந்ததால் நகர்ந்தது. அவ்வளவுதான்.

"இடிக்குதா வரதன்?"

"இல்ல டாக்டர்."

அது பொய்யே இல்லை. இடிக்கவில்லை. ஐந்தே முக்கால் வண்டியைப் பிடித்தேன்.

எட்டாவதில் நகர்த்தினேன். ஒன்பதாவதில் கை கிளம்பும் சத்தம் கேட்டதுமே முழங்கால் தயாரானது. பதினாலாவது ஒத்திகையில் பதினெட்டே நிமிஷத்தில் எல்லாக் கைகளும் மாட்டியாகிவிட்டன. போண்டா வாங்கி வரச் சொன்னார்கள். டாக்டர் என் தோளைத் தட்டினார். வண்டியின் சக்கரங்கள் நின்ற இடத்தில் தரையில் பச்சை டேப் ஒட்டினார்கள், இனி எப்போதும் அங்கேதான் நிறுத்த வேண்டும் என்று. ரூத் கடிகாரத்தைப் பார்த்துச் சிரித்தாள்.

நான் எழுந்து சட்டையை மாட்டிக்கொண்டு போய்க் கையேட்டில் தட்டச்சு செய்தேன்: 'மூன்றாவது கைக்கும் இடது காலுக்கும் போதிய இடைவெளி உள்ளது. கடைசி எட்டு ஒத்திகைகளில் உரசல் இல்லை.'

டவல் வயிறு நிஜ வயிறு அல்ல என்று அதே கையேட்டில் எழுதினோம். எனக்கு மயக்கமருந்து இல்லை என்று எழுதினோம். வித்தியாசம் எல்லாவற்றையும் யோசித்து யோசித்து எழுதினோம். படுத்திருப்பவனுக்கு வீட்டுக்குப் போக அவசரம் என்பதை மட்டும் யாரும் எழுதவில்லை.

[நாலு வரைவுகளில் இங்கே 'என்னை அறியாமல்' என்றொரு சொல் இருந்தது. 'என்னை அறியாமல் முழங்காலை நகர்த்தினேன்.' மேக்னா அதைச் சுழித்துவிட்டு, "எட்டு தடவையுமா?" என்று கேட்டிருந்தாள்.]

5

கதைக்கு ஒரு கெட்டவன் வேண்டும் என்று தோன்றி டாக்டர் அருணகிரியை மூன்று பக்கம் கெட்டவனாக்கிப் பார்த்தேன். பேருக்கு அலைகிறவர், அவசரக்காரர், செய்தித்தாளில் படம் வர வேண்டும் என்று…

வரவில்லை. மனுஷன் அப்படி இல்லையே, நான் என்ன செய்ய. ஒத்திகை முடிந்ததும் தினமும் அவரே என் இரண்டு பாதங்களையும் பிடித்து, "மேல தூக்குங்க, விரலை மடக்குங்க, மரத்துப்போச்சா?" என்று பார்ப்பார். ஒரு நாள், "பதினாலு நாள் அந்த மாதிரி படுக்கிறது சாதாரண விஷயம் இல்ல. நீங்க சொல்றத நம்பித்தான் நாங்க பண்றோம்" என்றார்.

மூன்று பக்கத்தையும் கிழித்தேன். இந்தக் கதையில் எல்லோரும் அவரவர் வேலையைச் சரியாகத்தான் செய்தார்கள். சொல்ல வேண்டியது ஒருத்தன் வேலை. அதற்காகத்தான் பொம்மையை ஒதுக்கிவிட்டு அவனைப் படுக்க வைத்தார்கள்.

6

முதல் நோயாளியாகத் தன் அப்பாவையே கொண்டுவந்தாள் ரூத்.

யாரும் கேட்கவில்லை. அவளாகத்தான் கொண்டுவந்தாள். வயிற்றைக் கிழித்துச் செய்தால் ஆறிவர நாளாகும், கனமான ஸ்டியரிங் பிடிக்க ரொம்ப காலம் விடமாட்டார்கள், அதற்குள் டிப்போ நாற்காலியில் உட்கார வைத்துவிட்டால் அப்புறம் வண்டி ஏற முடியுமோ என்னவோ. ஓட்டை போட்டுச் செய்தால் சீக்கிரம் டியூட்டிக்குப் போகலாம். அந்தக் கடைசி டிரிப்பை மாலை போட்ட வண்டியில் ஓட்டலாம். வீட்டில் அம்மா பயந்தபோது அவள் சொன்னாளாம்: "நான் பதினாலு தடவ கூட நின்னு பாத்திருக்கேம்மா. எனக்கு நம்பிக்கை இருக்கு."

ஆபரேஷனுக்கு இரண்டு நாள் முன்பு, மத்தியானச் சாப்பாடு முடிந்து, என்னை வார்டுக்குக் கூட்டிப்போனாள். "அப்பா, இவர்தான் படுத்து ஒத்திகை பாத்தவரு. சந்தேகம் இருந்தா கேளு."

தாவீது கட்டிலில் சம்மணமிட்டு உட்கார்ந்து ஆரஞ்சு உரித்துக்கொண்டிருந்தார். எனக்கு நாலு சுளை கொடுத்தார்.

"திருக்கழுக்குன்றத்துக்காரா? எந்தத் தெரு? அட, நம்ம வண்டில வந்திருப்ப நீ." பிறகு குரலைத் தாழ்த்தினார். "கேக்கறேன்னு தப்பா நெனச்சிக்காத நைனா. அந்த மிஷினு மேல வந்து நிக்குதாமே. எங்கனா இடிக்குதா?"

ரூத் என்னைப் பார்த்துச் சிரித்தபடி நின்றிருந்தாள். பதிலை அவள் முன்கூட்டியே அறிந்திருந்தாள், கையேட்டில் படித்திருந்தாள்.

வாசகரே, இந்தக் கதையில் நான் வாய் திறந்திருக்க வேண்டிய இடம் இதுதான். இதற்குப் பிறகும் இடங்கள் வரும், ஆனால் அவை இவ்வளவு சுலபமாக இருக்காது. 'அண்ணே, இடது முழங்கால்கிட்ட கொஞ்சம் இடிக்கும், நான் நகர்ந்துக்குவேன்' என்று சொன்னால் போதும். அவருக்கு அது ஒரு விஷயமே இல்லை. ரூத் போய் டாக்டரிடம் சொல்லியிருப்பாள். பச்சை டேப்பை உரித்து நாலு விரல் தள்ளி ஒட்டியிருப்பார்கள். இன்னும் நாலைந்து ஒத்திகை, அவ்வளவுதான்.

இன்னும் நாலைந்து ஒத்திகை. அதை நினைத்ததும் மூக்கு அடைத்துக்கொண்டது.

"ஒண்ணும் இடிக்கல அண்ணே" என்றேன்.

"அப்ப சரி" என்று இன்னும் இரண்டு சுளை கொடுத்தார். வாங்கிச் சாப்பிட்டேன். எவ்வளவு கேவலமாக இருக்கிறது இதை எழுத.

7

ஆபரேஷன் நடந்தபோது நான் வெளியே இருந்தேன்.

இடித்தது. முதலிலிருந்து.

7 (மறுபடியும்)

உள்ளே இருந்தேன். குறிப்பெடுக்க.

சொந்தக்காரர் ஆபரேஷனில் நிற்கக் கூடாது என்று ரூத்தை வேண்டாம் என்றார் டாக்டர். "கால மட்டும் நான் வச்சிட்டுப் போயிடறேன் டாக்டர்" என்று கெஞ்சினாள். அப்பா மயக்கத்தில் இருந்தார். அவர் குதிகாலைத் தாங்கியில் பொருத்தி, முழங்காலுக்கு வெளிப்புறம் மெத்தை வைத்து, ஒரு விரல் உள்ளே போகிறதா என்று பார்த்து, பட்டையை நோயாளிக்குக் கட்ட வேண்டிய இறுக்கத்தில் கட்டினாள். கையேட்டில் உள்ளபடி ஒவ்வொன்றாக. எனக்குத் தெரியும், ஒவ்வொரு வரியையும் சரிபார்த்து டிக் அடித்துக்கொண்டிருந்தேன். துணியைப் போர்த்துவதற்கு முன் அப்பாவின் கட்டைவிரலை ஒரு தடவை பிடித்து ஆட்டிவிட்டுப் போனாள்.

வண்டி பச்சை டேப்பில் நின்றது. இருபத்தோரு நிமிஷம். மூன்றாவது கை இறங்கியபோது இடது முழங்கால் பக்கம் துணி கொஞ்சம் அமுங்கி, ஒரு சுருக்கம் விழுந்தது. டாக்டர் பழக்கத்தில் கேட்டார், "இடிக்குதா?" என்று. பிறகு அவரே லேசாகச் சிரித்துவிட்டுப் பெட்டிக்குள் முகத்தை வைத்துக்கொண்டார்.

பதில் சொல்ல அங்கே ஆள் இல்லை. நான் இருந்தேன். துணி சுருங்குவது சகஜம்தான் என்று நினைத்துக்கொண்டேன். நினைத்துக்கொண்டு டீ குடிக்கப் போனேன்.

நாலரை மணி நேரம். மூன்றாவது கை உள்ளிருந்து அழுத்த, முழங்காலின் வெளிப்புறம், மெத்தையையும் மீறி, தாங்கியின் விளிம்பில் நசுங்கியிருக்கிறது. அந்த இடத்தில் தோலுக்குக் கீழேயே ஒரு நரம்பு ஓடுகிறதாம், பாதத்தைத் தூக்குவது அதுதான். மறுநாள் காலை தாவீதை எழுப்பி நடக்க வைத்தபோது செருப்பு காலிலிருந்து நழுவி நழுவி விழுந்தது. "ஏம்மா, செருப்பு பெருசா கீதோ?" என்று கேட்டாராம் ரூத்திடம்.

8

காரணம் தேட ஒரு கூட்டம் போட்டார்கள். கூட்டக் குறிப்பு எழுத என்னைக் கூப்பிட்டார்கள், எழுதுகிறவன் என்று.

கையேட்டை மேஜையில் விரித்தார்கள். கடைசி எட்டு ஒத்திகைகளில் உரசல் இல்லை. ஆக, திட்டம் சரி. டேப்பின் இடம் சரி. இயந்திரம் சரி. மிச்சம் இருப்பது ஒன்றுதான் என்று எல்லோருக்கும் புரிந்தது, ஆனால் யாரும் சொல்லவில்லை. அருணகிரி தலை குனிந்து, "யாரையும் குறை சொல்ல இந்தக் கூட்டம் இல்ல" என்றார்.

ரூத் எழுந்தாள். "கடைசி எட்டு தடவயும் சரியா வந்துச்சு டாக்டர். அன்னிக்கு மட்டும் தப்பாயிருக்கு. கால வச்சது நான்தான். அப்பான்னு கை நடுங்கியிருக்கும், எங்கயோ விட்டுட்டேன்."

அவள் கை நடுங்கவில்லை. நான் பார்த்தேன்.

குறிப்பில் எழுதினேன்: 'காலைப் பொருத்தியதில் பிழை இருந்திருக்கலாம் எனச் செவிலியர் ரூத் ஒப்புக்கொண்டார்.' 'ஒப்புக்கொண்டார்' என்று வருமா, 'தெரிவித்தார்' என்று வருமா என்று வேறு கொஞ்ச நேரம் யோசித்தேன்.

இனி முடிவு. மூன்று எழுதி வைத்திருக்கிறேன்.

(அ) வார்டில், ஆரஞ்சுச் சுளையோடு, வரதன் உண்மையைச் சொல்லிவிடுகிறான். டேப்பை நகர்த்துகிறார்கள். மே மாதம் மாலை போட்ட பஸ் திருக்கழுக்குன்றம் நிறுத்தத்தில் நிற்க, டிரைவர் சீட்டிலிருந்து தாவீது, "ஏறு நைனா" என்கிறார். இதை எழுதிய அன்று எனக்கு அழுகை வந்தது. நல்ல கதை. நடக்காத கதை.

(ஆ) கூட்டத்தில் ரூத் எழுந்ததும் வரதன் பேனாவை வைத்துவிட்டு, "அவங்க இல்ல, நான்" என்கிறான். வேலை போகிறது. அருணகிரி வந்து கை கொடுக்கிறார்.

(இ) செங்கல்பட்டு பஸ் ஸ்டாண்டில் தாவீதிடம் சொல்கிறான். அவர் கொஞ்ச நேரம் காலைப் பார்க்கிறார். பிறகு, "வுடு நைனா, போனது போச்சு, நாஸ்தா துன்னியா?" என்று டீக்கடைக்குக் கூட்டிப்போகிறார்.

மேக்னா மூன்றையும் படித்தாள். சமையலறை வாசலில் நின்றுகொண்டே படித்தாள்.

"மூணுலயும் யாராவது உன்ன மன்னிச்சுடறாங்க" என்றாள்.

தாள்களை வாங்கக் கை நீட்டினேன். தரவில்லை.

"மூணுலயும் அந்தப் பொண்ணு வாயத் தொறக்கவே இல்ல, கவனிச்சியா? அவங்கப்பா மன்னிக்கிறாரு, டாக்டர் மன்னிக்கிறாரு. அவ இன்னும் ஸ்கூல்ல மாத்திர குடுத்துட்டிருக்கா." தாள்களை மேஜையில் வைத்தாள். "இத எந்தப் பத்திரிகைக்கு அனுப்பப்போற?"

ஒரு சிற்றிதழின் பெயரைச் சொன்னேன்.

"அவ அத வாங்குவாளா?"

9

வாங்கமாட்டாள். தெரிந்துதான் அந்தப் பெயரைச் சொன்னேன் என்பது, சொன்ன பிறகு எனக்குப் புரிந்தது. இருநூறு பேர் படிக்கும் இதழ். பெயர்களை மாற்றி, ஆஸ்பத்திரியை வேறு ஊருக்குத் தள்ளி, நல்ல மொழி, வித்தியாசமான உத்தி என்று நாலு கடிதம் வரும். எனக்கும் நெஞ்சு லேசாகிவிடும். ஐந்தே முக்கால் வண்டியைப் பிடித்த மாதிரி.

இடித்தது. முதலிலிருந்து.

ஆனால் எல்லாவற்றையும் மறுபடி எழுத எனக்குத் தெம்பு இல்லை, மேஜையில் கிடக்கிற இதே தாள்கள்தான், கிழித்தது ஒட்டியது அடித்தது எல்லாவற்றோடும், ஓர் உறையில் போகின்றன. பெயர்களை மாற்றவில்லை. அப்பாவும் மகளும் இருக்கும் கருங்குழி வீட்டு விலாசத்தைப் போன வாரம் தாவீது அண்ணனிடம் வாங்கினேன். எதற்கு என்று கேட்டார். ஒரு கடிதம் என்றேன். இதைப் படித்ததும் அவருக்கும் தெரிந்துவிடும். மே முப்பத்தொன்றுக்கு இன்னும் ஆறு வாரம் இருக்கிறது. அதற்குள் தெரியட்டும்.

முதல் வரியிலிருந்து 'வாசகரே, வாசகரே' என்று கூப்பிட்டுக்கொண்டு வந்தேனே, அதுவும் முழங்காலை நகர்த்தியதுதான். ரூத் சிஸ்டர், உங்களைத்தான் கூப்பிட்டேன். நேராகக் கூப்பிட இவ்வளவு பக்கம் ஆகியிருக்கிறது.

முடிவை நான் எழுதவில்லை. எழுதினால் மறுபடி யாரையாவது என்னை மன்னிக்க வைத்துவிடுவேன், அந்தக் கைப்பழக்கம் எனக்கு இருக்கிறது. இந்தத் தாள்களை ஆஸ்பத்திரியில் கொடுக்கலாம். டாக்டரிடம் காட்டலாம், அந்தப் பச்சை டேப் இன்னும் அதே இடத்தில்தான் இருக்கிறது என்று கேள்வி. அதையாவது உடனே நகர்த்தச் சொல்ல வேண்டும். அதை உங்கள் தலையில் கட்டப் பார்க்கிறேன், பாருங்கள். அதற்கு நாளைக் காலை நானே போகிறேன். கையேட்டில் அந்த ஒரு வரியை அடித்துவிட்டு, 'இடிக்கும்' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டுவிட்டு வருகிறேன். மற்றது எல்லாம் உங்கள் கையில். என் வீட்டு வாசலுக்கு வந்து திட்டலாம். வராமலே இருக்கலாம்.

ஒன்று மட்டும் சாட்சியாகச் சொல்கிறேன். நான் பக்கத்தில் நின்று டிக் அடித்தேன். குதிகால் பொருந்தியிருந்தது. மெத்தை இருக்க வேண்டிய இடத்தில் இருந்தது. பட்டைக்குள் உங்கள் விரல் போய் வந்தது.

அன்றைக்கு அப்பாவின் காலை நீங்கள் சரியாகத்தான் வைத்தீர்கள், சிஸ்டர்.